கண்ணில் வளரும் சதையை எடுப்பது: எந்த முறை, ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சின்னக் கண் மருத்துவமனையில் கவுன்சலராக இருக்கிறேன். டாக்டர் கண்ணைப் பார்த்து முடித்ததும், "ஆபரேஷனைப் பற்றி சிஸ்டர்கிட்ட பேசிட்டுப் போங்க" என்று அனுப்புவார். அப்படி வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர், மணலி என்று பல இடங்களிலிருந்து வருகிறார்கள். இவர்களில் கண்ணில் சதை வளர்ந்து வருகிறவர்கள் நிறையப் பேர். கேட்கிற சந்தேகங்களும் திரும்பத் திரும்ப ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. உங்கள் கண்ணுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் கண்ணைப் பரிசோதித்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

1. கண்ணு ஓரத்துல வெள்ளையா சதை வந்துக்கீது சிஸ்டர். இதுதான் புரையா?

இல்லை. புரை என்பது கண்ணுக்குள்ளே இருக்கும் லென்ஸ் மங்கிப் போவது. வெளியே அப்படி ஒரு சதையாகத் தெரியாது. நீங்கள் கண்ணாடியில் பார்ப்பது வெள்ளைவிழியின் மேல் இருக்கும் மெல்லிய சவ்வு தடித்து, ரத்தக் குழாய்களோடு முக்கோணமாகக் கருவிழி மேல் ஏறி வருவது. டாக்டர்கள் இதை டெரிஜியம் என்பார்கள். பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்துதான் கிளம்பும்.

கருவிழியைத் தொடாமல் ஓரத்தில் மஞ்சளாக ஒரு மேடு மட்டும் இருந்தால் அது பிங்குவெகுலா. அதற்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது.

2. ஒரே வீட்டுலதான் இருக்கோம். எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் வந்துச்சு?

அவர் என்ன வேலை செய்கிறார் என்றுதான் நான் முதலில் கேட்பேன். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்தான் இதற்கு முக்கியக் காரணம். படகில் போகிறவருக்கு மேலேயிருந்து வரும் வெயிலோடு தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயிலும் சேர்ந்து விழுகிறது. உப்புக்காற்று, தூசி, புகை எல்லாம் கண்ணை உலர்த்தி எரிச்சலைக் கூட்டுகின்றன. துறைமுகத்தில் மீன் ஏலம் போடுகிறவர், மணலிப் பக்கம் லாரி ஓட்டுகிறவர், நாள் முழுக்க ரோட்டோரக் கடையில் நிற்கிறவர் என்று இந்தச் சதையோடு வருகிறவர்கள் அநேகமாக வெளியில் நின்று பிழைப்பவர்கள்தான்.

மூக்குப் பக்கம் ஏன் என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. பக்கவாட்டில், அதாவது காதுப் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தைக் கருவிழியின் வளைவு மடக்கி, எதிர்ப்புறமான மூக்கோர விளிம்பில் குவிக்கிறது. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் கொரோனியோ 1990-களில் இதை விளக்கினார். கருவிழிக்கும் வெள்ளைவிழிக்கும் நடுவில் வேலி போலக் காவல் நிற்கும் மூல செல்கள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. அவை கெட்டுப் போனதும் சதை உள்ளே நுழைகிறது.

3. மெட்ராஸ் ஐ அடிக்கடி வந்ததாலயா?

கிடையாது. மெட்ராஸ் ஐ கிருமியால் வருவது, சில நாளில் போய்விடும். ஆனால் கண் சிவந்து பீளை கட்டியிருக்கும்போது சதை ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். அது முழுக்கக் குணமான பிறகுதான் தேதி தருவார்கள்.

4. நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுனா விட்டா கரையுமா? சொட்டு மருந்துலயாவது?

வளர்ந்த சதை எதனாலும் கரையாது. டாக்டர் எழுதித் தரும் சொட்டு மருந்துகூடக் கரைப்பதற்காக இல்லை. உறுத்தல், சிவப்பு, வறட்சி குறைவதற்காகத்தான். பூச்சாறும் தாய்ப்பாலும் கண்ணில் கிருமியைக் கொண்டுபோய் விடுகின்றன. கருவிழியில் புண் வந்துவிட்டால் சதையைவிட அதுதான் பார்வைக்குப் பெரிய ஆபத்து. தயவுசெய்து வேண்டாம்.

5. வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எடுத்தே ஆகணுமா?

கட்டாயமில்லை. சதை சின்னதாக, வளராமல், தொந்தரவு தராமல் இருந்தால் ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டாலே போதும். எடுக்க வேண்டிய நிலைகள் சில உண்டு. சதை கருவிழியின் நடுவை நோக்கிப் போய்க்கொண்டிருப்பது. கருவிழியை இழுத்து அதன் வளைவை மாற்றி, கண்ணாடி போட்டும் தெளிவு கிடைக்காத அளவுக்கு உருளைப் பவர் (சிலிண்டர் பவர்) ஏறுவது. கண்ணைத் திருப்பும்போது சதை பிடித்து இழுப்பது. சொட்டு மருந்துக்கும் அடங்காத உறுத்தலும் சிவப்பும். பார்க்க நன்றாக இல்லை, கல்யாணம் வருகிறது என்று எடுக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் வயது குறைந்தவர்களுக்குத் திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

நடுவரை வளரட்டும், அப்புறம் பார்ப்போம் என்று விடுவதும் சரியில்லை. சதையை எடுத்தாலும் அது ஏறியிருந்த இடத்தில் கருவிழியில் லேசான தழும்பு நிற்கும். தழும்பு ஓரத்தில் இருந்தால் பார்வைக்குத் தொந்தரவு இல்லை. நடுவில் இருந்தால், ஆபரேஷன் எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் மங்கல் மங்கல்தான்.

6. சும்மா சுரண்டி எடுத்துட்டா பத்து நிமிஷ வேலையாமே? எதுக்கு இவ்ளோ பெருசா பேசறீங்க?

இந்தப் பக்கம் முழுவதும் எழுதியதே இந்த ஒரு கேள்விக்காகத்தான். சதையை எடுப்பது பெரிய காரியமில்லை. பழங்கால மருத்துவர் சுசுருதர் காலத்திலேயே கொக்கியில் தூக்கி அறுத்தெடுத்திருக்கிறார்கள். எடுத்த பிறகு வெறுமையாக நிற்கும் அந்த இடத்தை எதை வைத்து மூடப் போகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூடாமல் அப்படியே விடும் முறைக்கு வெற்று வெண்படல முறை என்று சொல்லலாம். 1948-ல் டோம்ப்ரெய்ன் என்பவர் எழுதியதிலிருந்து அது உலகம் முழுக்கப் பரவியது. சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் காலி மனையில் சீமைக்கருவேலம் முளைப்பது போல, மூடாத இடத்தில் சதை திரும்ப முளைக்கிறது. வெவ்வேறு ஆய்வுகளில் இந்த முறையில் திரும்ப வந்த அளவு நூற்றுக்கு 24-லிருந்து 89 வரை பதிவாகியிருக்கிறது. அப்படித் திரும்ப வருவது முதலில் இருந்ததைவிடத் தடிப்பாக, சிவப்பாக, ஆழமாக ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுப்பதும் கஷ்டம்.

அதனால் யாராவது குறைந்த செலவில் சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று சொன்னால், "எடுத்த இடத்துல என்ன வைப்பீங்க?" என்று கேளுங்கள். எதுவும் வைக்க மாட்டோம் என்று பதில் வந்தால் வேறு ஒரு டாக்டரையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

7. அப்போ என்னத்த வெப்பாங்க? வேற ஆளு சதையா?

உங்கள் கண்ணிலேயே, மேல் இமைக்கு அடியில் வெயில் படாத நல்ல சவ்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, சதை இருந்த இடத்தில் ஒட்டுவார்கள். சொந்தச் சவ்வு ஒட்டு என்பது இதுதான். 1985-ல் கண் மருத்துவர் கென்யானும் அவருடைய சகாக்களும் இந்த முறையில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான் திரும்ப வந்ததாக எழுதினார்கள். அதிலிருந்து இதுவே மற்ற முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக ஆகிவிட்டது. எல்லோர் கையிலும் அதே பலன் வருவதில்லை. பிறகு வந்த ஒப்பீட்டு ஆய்வுகளில் முதல் ஆறு மாதத்தில் சுமார் 3 முதல் 17 சதவீதம் வரை திரும்ப வந்திருக்கிறது. அப்படியிருந்தும் மூடாமல் விடுவதோடு இதை ஒப்பிடவே முடியாது.

எப்படிச் செய்கிறார்கள் என்று பயந்து கேட்பவர்களுக்கு நான் படம் போட்டுக் காட்டுவேன். கண்ணைச் சுற்றியோ சவ்வுக்கு அடியிலோ மரப்பு ஊசி போடுவார்கள். நீங்கள் விழித்திருப்பீர்கள், கை படுவது தெரியும், வலிக்காது. சதையின் முனையைக் கருவிழியிலிருந்து உரித்து, அடியில் இருக்கும் நாரையும் சேர்த்து எடுப்பார்கள். காலியான இடத்தை அளப்பார்கள். அப்புறம் உங்களைக் கீழே பார்க்கச் சொல்லி, மேல் பக்கச் சவ்வில் அதே அளவுக்கு, அல்லது ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக, மார்க்கர் பேனாவால் குறிப்பார்கள். அதனடியில் கொஞ்சம் மருந்துநீர் ஏற்றினால் சவ்வு உப்பி, அடியில் இருக்கும் நாரிலிருந்து விலகும். அதை வெட்டும்போது அடியில் போகும் கத்தரிக்கோலின் முனை மேலே தெரிய வேண்டும். அவ்வளவு மெல்லியதாக எடுத்தால்தான் ஒட்டு சுருங்காமல், வீங்காமல் பிடிக்கும். எடுத்த துண்டைத் தலைகீழாகத் திருப்பாமல், கருவிழியை ஒட்டியிருந்த விளிம்பு புது இடத்திலும் கருவிழி ஓரமாகவே வரும்படி நகர்த்தி வைப்பார்கள். நேரம் பிடிப்பதும் கைப்பழக்கம் வேண்டியதும் இந்த ஒரு படியில்தான். துண்டு எடுத்த இடம் இமைக்குள் மறைந்திருக்கிறது. ஓரிரு வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும்.

8. தையலா, பசையா? பசைக்கு மட்டும் ஏன் கூட துட்டு?

ஒட்டு ஒன்றுதான். அதை நிறுத்தி வைக்கும் வழிதான் வேறு. தையல் போட்டால் முடியைவிட மெல்லிய நூலால் சுற்றிலும் தைப்பார்கள். கரையும் நூலாக இருந்தால் சில வாரத்தில் உதிர்ந்துவிடும். நைலான் என்றால் டாக்டர் பிரிப்பார். நூல் முனை குத்தி, முதல் ஒன்றிரண்டு வாரம் மணல் விழுந்த மாதிரி உறுத்தும்.

பசை என்பது ஃபைப்ரின் பசை. இரண்டு திரவங்கள் கலந்ததும் சில நொடியில் ரத்தம் உறைவது போல உறைந்து ஒட்டைப் பிடித்துக்கொள்ளும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பின்படி, பசையில் ஆபரேஷன் நேரம் சராசரியாகக் கால் மணிக்கு மேல் குறைகிறது, திரும்ப வளர்வதும் தையலைவிடக் குறைவு. ஆனால் ஒட்டு விளிம்பில் பிரிவது, சுருங்குவது போன்ற சின்னச் சிக்கல்கள் பசையில் கொஞ்சம் அதிகம். செலவு கூடுவது அந்தப் பசைப் பொட்டலத்தின் விலையால்தான்.

பணம் இருந்தால் பசை வசதி. இல்லையென்றால் தையலோடு சொந்தச் சவ்வு ஒட்டு தாராளமாகச் செய்துகொள்ளலாம். பசைக்குக் காசில்லை என்று ஒட்டையே விட்டுவிடுவதுதான் தவறு.

9. அந்தப் பசை எதுலேர்ந்து செய்றாங்க? ஏதாவது தொத்திக்குமா?

தானமாக வந்த மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து. சில தயாரிப்புகளில் மாட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளும் சேரும். கிருமிகளுக்குப் பரிசோதித்து, அவற்றை அழிக்கும் முறைகளைச் செய்த பிறகே விற்பனைக்கு வருகிறது. ஆபத்து மிக மிகக் குறைவு, பூஜ்யம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மத நம்பிக்கையாலோ வேறு காரணத்தாலோ வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். தையலுக்கு மாற்றிக்கொள்வார்கள்.

10. நம்ம ரத்தத்தையே வெச்சு ஒட்டறாங்களாமே? அது இன்னும் மலிவாமே?

உண்மைதான். சதை எடுத்த இடத்தில் இயல்பாகக் கசியும் ரத்தத்தின் மேலேயே ஒட்டை வைத்துச் சமன்செய்து, சில நிமிடம் காத்திருந்தால் அது உறைந்து ஒட்டிக்கொள்ளும். 2010-ல் டி விட் குழு இதைப் பற்றி எழுதிய பிறகு நம் நாட்டிலும் பல இடங்களில் செய்கிறார்கள். பசை வாங்கும் செலவு மிச்சம், நூல் உறுத்தலும் இல்லை.

பிடிமானம் பசையைவிடக் குறைவு என்பதுதான் இதில் இருக்கும் பலவீனம். முதல் ஒன்றிரண்டு நாளில் கண்ணைத் தேய்த்துவிட்டால் ஒட்டு நகர்ந்துவிடலாம், சில நேரம் விழுந்தே போகலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த முறையானாலும் முன்பே சொல்ல வேண்டும், இந்த முறைக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

11. பனிக்குடச் சவ்வு வெச்சா இன்னும் ஒசத்தின்னு சொல்றாங்களே?

பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடத்தின் உள் சவ்வைப் பதப்படுத்தி ஒட்டாக வைப்பார்கள். கண்ணின் வேறு இடத்தில் வெட்ட வேண்டியதில்லை, பெரிய இடத்தையும் மூடலாம். ஆனால் முதல்முறை சதை எடுப்பவருக்கு இது சொந்தச் சவ்வைவிட உசத்தி இல்லை. இரண்டையும் ஒப்பிட்ட 20 ஆய்வுகளை இன்னொரு காக்ரேன் தொகுப்பு 2016-ல் ஆராய்ந்தது. ஆறு மாதத்தில் திரும்ப வளர்வது சொந்தச் சவ்வில்தான் குறைவு என்று முடிவு வந்தது.

பனிக்குடச் சவ்வுக்கு ஏற்ற இடங்களும் உண்டு. சதை இரண்டு பக்கமும் வளர்ந்து, ஒட்ட வேண்டிய பரப்பு பெரிதாக இருப்பவர். முந்தைய ஆபரேஷன்களால் மேல் சவ்வு தழும்பாகிப் போனவர். 16-வது கேள்வியில் வரும் கண் பிரஷர் நோயாளிகள், அதாவது கண்ணுக்குள் அழுத்தம் கூடியவர்கள்.

12. ஏதோ கேன்சர் மருந்த பஞ்சுல நனைச்சு வெப்பாங்களாம். எனக்குக் கேன்சரா சிஸ்டர்?

இல்லை, பயப்படாதீர்கள். அது மைட்டோமைசின். செல்கள் பெருகுவதைத் தடுக்கும் என்பதால் புற்றுநோயிலும் பயன்படுகிறது, இங்கே சதை திரும்ப வளராமல் இருக்கவும் பயன்படுகிறது. 0.02 சதவீதக் கரைசலை நனைத்த பஞ்சை சில நிமிடம் வைத்து, பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவார்கள்.

இது வேலை செய்கிறது. ஆனால் அளவு மீறினாலோ, மருந்து பட்ட இடத்தை மூடாமல் விட்டாலோ, வெள்ளைவிழியின் சுவரே மெலிந்து கரையும் ஆபத்து இருக்கிறது. அது வருடங்கள் கழித்தும் தெரியலாம். ஒரு காலத்தில் சதை திரும்பாமல் இருக்க ஸ்ட்ரான்ஷியம் என்ற பொருளின் கதிர்வீச்சைப் பெற்றவர்களுக்கும் இதே சேதம் நேர்ந்தது. அதனால் முதல்முறை வரும் சாதாரணச் சதைக்கு, ஒட்டு வைக்காமல் இந்த மருந்தை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. திரும்ப வளர்ந்த சதைக்கு ஒட்டோடு சேர்த்து வைப்பது வேறு விஷயம்.

13. லேசர்ல எடுத்துட முடியாதா?

முடியாது. பவர் நீக்கும் லேசரோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

14. திரும்ப வரவே வராதுன்னு ஒரு ஆபரேஷன் ஆஸ்திரேலியாவுல இருக்காமே?

பிரிஸ்பேனில் லாரன்ஸ் ஹர்ஸ்ட் என்ற மருத்துவர் செய்யும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சதையின் அடிநாரை வழக்கத்தைவிட மிக விரிவாக எடுத்துவிட்டு, சொந்தச் சவ்விலிருந்தே மிகப் பெரிய ஒட்டு வைக்கிறார். 1,000 ஆபரேஷன்களில் ஒரே ஒன்றுதான் திரும்ப வந்ததாக 2012-ல் எழுதினார்.

அந்த எண்ணிக்கை அந்தக் கைக்கு உரியது. ஆபரேஷன் நேரமும் அதிகம், ஆரம்பத்தில் வலியும் வீக்கமும் அதிகம். இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம், அடிநாரை ஒழுங்காக எடுத்து, போதுமான அளவு ஒட்டு வைத்தால் பலன் கூடுகிறது என்பதே. அதனால் உங்கள் டாக்டரிடம், "இந்த ஒட்டு ஆபரேஷன் நீங்க வழக்கமா செய்றீங்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல டாக்டர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

15. அஞ்சு வருஷம் முன்னாடி எடுத்தேன். திரும்ப வளந்துடுச்சு. இப்போ என்ன பண்றது?

அவசரப்படாதீர்கள். சிவந்து கொதித்துக்கொண்டிருக்கும்போது எடுத்தால் மறுபடி வர வாய்ப்பு அதிகம் என்பதால், சொட்டு மருந்து கொடுத்துக் கண் அமைதியாகும் வரை காத்திருக்கச் சொல்வார்கள். பழைய ஆபரேஷனில் ஒட்டு வைத்தார்களா, எங்கிருந்து எடுத்தார்கள் என்பது ரொம்ப முக்கியம். டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் கட்டாயம் கொண்டு வாருங்கள். முன்பு ஒட்டே வைக்கவில்லை என்றால் மேல் சவ்வு அப்படியே கையிருப்பில் இருக்கிறது, நல்ல செய்திதான். அதுவும் தீர்ந்திருந்தால் பனிக்குடச் சவ்வு, அல்லது அடுத்த கண்ணிலிருந்து துண்டு, கூடவே 12-வது பதிலில் சொன்ன மருந்து என்று யோசிப்பார்கள். கண்ணை அசைக்கும் தசை வரை தழும்பு ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், இதைக் கருவிழி நிபுணரிடம் செய்வது நல்லது.

16. எனக்குக் கண்ணுல பிரஷர் இருக்கு. சதை எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் வாய் திறந்து முன்பே சொல்லியாக வேண்டிய நோய்களில் இது முதலாவது. நாளைக்குப் பிரஷர் மருந்துக்கு அடங்காமல் ஆபரேஷன் தேவைப்பட்டால், அதைச் செய்வது மேல் பக்கச் சவ்வுக்கு அடியில்தான். அந்தச் சவ்வைச் சதைக்காக வெட்டிவிட்டால் பிறகு கஷ்டம். எனவே இவர்களுக்குக் கீழ்ப்பக்கச் சவ்விலிருந்து ஒட்டு எடுப்பார்கள், அல்லது பனிக்குடச் சவ்வு வைப்பார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு விடும் ஸ்டீராய்டு சொட்டும் சிலருக்குப் பிரஷரை ஏற்றும். 20-வது பதிலையும் படியுங்கள்.

17. புரையும் இருக்கு, சதையும் இருக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிடுங்களேன்?

ஒரே வலி, ஒரே லீவு என்று தோன்றும். ஆனால் புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை அளந்துதான் கணக்கிடுகிறார்கள். சதை அந்த வளைவையே இழுத்து மாற்றி வைத்திருக்கிறது. சதை பெரிதாக இருந்தால் அதை முதலில் எடுத்து, ஓரிரண்டு மாதம் கழித்துக் கருவிழி நிலைப்பட்டதும் அளந்து லென்ஸ் போட்டால்தான் பவர் சரியாக அமையும். சதை மிகச் சின்னதாக இருந்தால் அதைத் தொடாமலேயே புரையை எடுத்துவிடுவதும் உண்டு.

18. எடுத்த சதைய டெஸ்டுக்கு அனுப்பணும்னாங்க. பயமா இருக்கு.

அனுப்பச் சொல்லும் டாக்டர் கவனமானவர் என்று அர்த்தம். பெரும்பாலும் சாதாரணச் சதை என்றுதான் முடிவு வரும். ஆனால் சதை மாதிரியே தோற்றம் காட்டும் கண் மேற்பரப்புப் புற்றுநோய் ஒன்று இருக்கிறது. அதற்கும் வெயில் ஒரு காரணம், எச்.ஐ.வி. போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இளவயதிலேயே வரும். காதுப் பக்கத்தில் கிளம்புவது, வேகமாக வளர்வது, ஜெல்லி மாதிரி பளபளப்பாக அல்லது பூக்கோசு மாதிரி முண்டுமுண்டாக இருப்பது, மேலே வெள்ளைப் படிவம் தெரிவது, தடித்த ரத்தக் குழாய் ஒன்று நேராக வந்து சேர்வது ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

அப்படிச் சந்தேகம் இருந்தால் ஆபரேஷனே வேறு. கட்டியைக் கருவியால் தொடாமல், சுற்றிலும் சுமார் 4 மில்லிமீட்டர் நல்ல சவ்வோடு சேர்த்து எடுத்து, விளிம்புகளை உறைய வைப்பார்கள். சிலருக்குச் சொட்டு மருந்து அல்லது ஊசியிலேயே கரைந்துவிடும். இதைச் சாதாரணச் சதை என்று நினைத்துச் சுரண்டி, எடுத்ததைக் குப்பையில் போட்டுவிட்டால், செல்கள் பரவித் திரும்ப வரும்போது கண்ணுக்கே ஆபத்தாகும். "எடுத்ததை லேபுக்கு அனுப்புவீங்களா?" என்று எல்லோரும் கேட்கலாம்.

19. எத்தினி நாள் கடலுக்குப் போகக் கூடாது?

கட்டு மறுநாள் பிரித்துவிடுவார்கள். கண் ரத்தச் சிவப்பாக, ஒட்டு கொஞ்சம் வீங்கி இருக்கும். கண்ணாடியில் பார்த்து அலறியடித்துக்கொண்டு போன் செய்கிறவர்கள் உண்டு. அந்தச் சிவப்பு சில வாரத்தில் வடியும். வீட்டு வேலை, கடை வேலைக்கு ஒரு வாரத்தில் பலர் திரும்பிவிடுகிறார்கள். கடலுக்கும், தூசி பறக்கும் வேலைக்கும், வெல்டிங்குக்கும் ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும். தலைக்குக் குளிப்பது, கண்ணில் தண்ணீர் படுவது எல்லாம் டாக்டர் சொல்லும் வரை கூடாது.

விசைப்படகில் போகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். தடை தொடங்கியதும் ஆபரேஷன் செய்துகொண்டால், ஒட்டு பிடிக்க வேண்டிய நாட்களில் கரையிலேயே இருக்கலாம், கூலியும் போகாது. தடை முடிகிற வாரத்தில் வந்து கேட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. மார்ச்சிலேயே வந்து காட்டித் தேதி வாங்கிவிடுங்கள்.

வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், பீளை வடிந்தால், பார்வை திடீரென மங்கினால், ஒட்டு விலகி வெள்ளையாகத் தெரிந்தால், அன்றைக்கே வர வேண்டும்.

20. சொட்டு மருந்து நல்லா கேக்குது. தீந்ததும் கடையில அதையே வாங்கிக்கட்டா?

வாங்காதீர்கள். அதில் ஒன்று ஸ்டீராய்டு. ஒட்டு அமைதியாகப் பிடிக்கவும் சதை திரும்பாமல் இருக்கவும் அது அவசியம் என்பதால், ஒன்று முதல் இரண்டு மாதம் வரை படிப்படியாகக் குறைத்து எழுதித் தருவார்கள். நடுவில் நிறுத்துவதும் தப்பு, முடிந்த பிறகு தொடர்வதும் தப்பு. மாதக் கணக்கில் விட்டால் கண் பிரஷர் சத்தமில்லாமல் ஏறி நரம்பைக் கெடுக்கும், புரையும் வரும். நரம்பில் போன பார்வை திரும்பாது. கண் சிவந்த போதெல்லாம் பழைய பாட்டிலை எடுத்து விடுகிற பழக்கம் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது.

21. அவ்ளோ செலவு பண்ண முடியாது. எங்க போறது?

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. உலகத்தின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. பழைய சிறைச் சாலையில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் அனுபவமுள்ள கைகள் அங்கே உண்டு. எங்கே போனாலும் 6-வது பதிலில் இருக்கும் கேள்வியைக் கேளுங்கள். தையல் போட்ட ஒட்டு என்று சொன்னால் சந்தோஷமாகச் சம்மதியுங்கள்.

22. எடுத்து ஒரு வருஷம் ஆயிடுச்சு, வரல. இனிமே கண்ணாடி, தொப்பி எல்லாம் வேணாம் இல்ல?

திரும்ப வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் நான்கு மாதத்திலும், கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரு வருடத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் பெரிய கண்டம் தாண்டியாயிற்று. ஆனால் உங்கள் அடுத்த கண் அதே வெயிலில்தான் இருக்கிறது.

தொப்பிக்கு முன்பக்கம் விளிம்பு வேண்டும். கண்ணாடி பக்கவாட்டையும் மறைப்பதாக இருக்க வேண்டும். காரணம் 2-வது பதிலில் இருக்கிறது. பர்மா பஜாரில் கறுப்பாக இருக்கிறதென்று வாங்குவது போதாது. கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணின் நடுவில் இருக்கும் பாப்பா விரியும், புற ஊதாவைத் தடுக்காத கண்ணாடியாக இருந்தால் அது கூடுதலாக உள்ளே போகும். யுவி 400 என்று இருக்கிறதா பாருங்கள். சில கண்ணாடிக் கடைகளில் அதைச் சோதிக்கும் சின்ன மீட்டர் இருக்கும். உங்கள் கண்ணாடியைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.